ரிப்போர்ட்டில் ‘டென்ஸ்’ என்று எழுதியிருக்கிறதே: மும்பைத் தமிழ்ப் பெண்கள் என்னிடம் கேட்டவை

சயானிலும் செம்பூரிலும் 19 வருடம் மேமோகிராம் மெஷினில், அதாவது மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மெஷினில், வேலை பார்த்தவள் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். படம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். ஆனால் தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில் பக்கமிருந்து வரும் நம் பெண்கள் ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். ரிப்போர்ட் இங்கிலீஷ், கவுன்டரில் பேசுவது மராத்தி அல்லது இந்தி, அந்த மாடியில் தமிழ் பேச நான் ஒருத்திதான்.

வேலையை விட்ட பிறகும் கேள்விகள் விடவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டின் போட்டோ வருகிறது, பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ். பாதிக்கு மேல் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான்: ‘டென்ஸ்’. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படியுங்கள், ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திரும்பச் சொல்லவில்லை.

1. அக்கா, டென்ஸ்னு போட்டிருக்கே, உள்ள கட்டி இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. மார்பகத்துக்குள் பால் சுரப்பிகள், பால் குழாய்கள், அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசு, இவற்றுக்கு நடுவே கொழுப்பு என்று எல்லாம் கலந்து இருக்கின்றன. எக்ஸ்ரே கொழுப்பைச் சுலபமாகக் கடந்து போய்விடும், அதனால் படத்தில் கொழுப்பு கறுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். சுரப்பியும் நாரும் எக்ஸ்ரேயைத் தடுக்கும், அவை வெள்ளையாக விழும். படத்தில் வெள்ளை அதிகமாக இருந்தால் ‘டென்ஸ்’, அதாவது அடர்த்தி அதிகம். அவ்வளவுதான். உங்கள் உடம்பு அமைந்த விதத்தைச் சொல்லும் சொல் அது, நோயின் பெயர் கிடையாது.

2. தொட்டுப் பார்த்தா மெத்துனுதான் இருக்கு. அதெப்படி டென்ஸ் ஆகும்?

கைக்குத் தெரியும் கெட்டித்தனத்துக்கும் படத்தில் தெரியும் அடர்த்திக்கும் சம்பந்தம் இல்லை. பெரியது, சிறியது, தொங்கியது, இறுகியது எதுவுமே கணக்கில் வராது. மெஷினில் வைக்கும்போது நானே மனசுக்குள் ‘இது கொழுப்பு அதிகமாத்தான் இருக்கும்’ என்று நினைத்துக்கொள்வேன். திரையில் படம் விழும்போது முழுக்க வெள்ளையாக இருக்கும். 19 வருடத்தில் என் ஊகம் எத்தனை தடவை தப்பானது என்று எண்ணவே முடியாது. மேமோகிராம் எடுத்தால்தான் தெரியும், டாக்டர் தொட்டுப் பார்த்தும் சொல்ல முடியாது.

3. ‘சி’ன்னு எழுதியிருக்கு. மூணாவது ஸ்டேஜா? மூணு நாளா தூங்கலக்கா.

இந்தக் கேள்வியை முதல் தடவை கேட்டது ஒரு இட்லிக்கடைக்காரம்மா. ரிப்போர்ட்டை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தார். மடிப்பெல்லாம் வியர்வையில் ஊறிப் போயிருந்தது. அன்றைக்குத்தான் இந்த எழுத்துகள் எவ்வளவு பேரைப் பயமுறுத்துகின்றன என்று எனக்கு உறைத்தது.

ரிப்போர்ட்டில் இரண்டு தனித்தனிக் குறிகள் இருக்கும். இரண்டுமே அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த ‘பைராட்ஸ்’ முறையில் வருபவை, அதனால்தான் குழப்பம். எழுத்து அடர்த்தியைக் குறிக்கும். ஏ என்றால் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு. பி என்றால் ஆங்காங்கே கொஞ்சம் சுரப்பித் திசு. சி என்றால் பரவலாக அடர்த்தி. டி என்றால் மிக அதிக அடர்த்தி. சி, டி இரண்டையும்தான் ‘டென்ஸ்’ என்கிறார்கள்.

படத்தில் சந்தேகத்துக்கு இடமாக ஏதாவது தெரிந்ததா என்பதை எண் சொல்லும். 0 என்றால் இன்னும் படம் தேவை, முடிவு சொல்ல முடியவில்லை. 1 ஒன்றுமில்லை. 2 ஏதோ இருக்கிறது, ஆனால் சாது. 3 பெரும்பாலும் சாதுதான், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். 4, 5 வந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 6 ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு. நோயின் ஸ்டேஜ் இந்த இரண்டு குறிகளிலும் கிடையாது, அது நோய் உறுதியான பிறகு வேறு பரிசோதனைகளை வைத்துச் சொல்வது. இட்லிக்கடை அம்மாவுக்கு எழுத்து சி, எண் 1. ஒன்றுமில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பார்.

4. இது எனக்கு மட்டும்தானா, எல்லாருக்கும் இருக்குமா?

அமெரிக்கக் கணக்குப்படி மேமோகிராம் எடுக்கும் நூறு பெண்களில் சுமார் 10 பேர் ஏ, 40 பேர் பி, 40 பேர் சி, 10 பேர் டி. ஏறக்குறைய பாதிப் பேர் ‘டென்ஸ்’. வயது குறையக் குறைய இந்த விகிதம் கூடும். ஆக, ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் உங்களை இடித்துக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர் உங்கள் கட்சிதான்.

5. டென்ஸா இருந்தா கேன்சர் அஞ்சு மடங்கு வரும்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரே, நிஜமா?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1976இல் ஜான் உல்ஃப் என்ற அமெரிக்க ரேடியாலஜிஸ்ட், படத்தில் தெரியும் வெள்ளையின் அமைப்புக்கும் பின்னால் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். பலர் நம்பவில்லை. அதற்கப்புறம் கனடாவின் நார்மன் பாய்ட் போன்றவர்கள் அடர்த்தியைச் சதவீதமாக அளந்து பார்த்தார்கள். 2007இல் வந்த பாய்டின் ஆய்வில், படத்தில் 75 சதவீதமும் அதற்கு மேலும் வெள்ளையாக உள்ள பெண்களை, 10 சதவீதம்கூட இல்லாத பெண்களோடு ஒப்பிட்டார்கள். 4.7 மடங்கு. யூடியூப்காரர் சொல்லும் ஐந்து மடங்கு இதுதான்.

எண் சரி, ஆனால் யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். இந்தக் கோடியில் இருப்பவரையும் அந்தக் கோடியில் இருப்பவரையும். நடுவில் இருக்கும் சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி வகைக்குச் சுமார் இரண்டு மடங்கு, சி வகைக்குக் கொஞ்சம்தான் கூடுதல், 1.2 மடங்கு. கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு வயதில் ஆயிரம் பெண்களில் பத்து வருடத்துக்குள் 10 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், சி வகையில் 12 பேர், டி வகையில் 20 பேர். டி வகையிலும் மிச்சம் 980 பேருக்கு வராது. ‘ஐந்து மடங்கு’ என்று கேட்கும்போது வயிறு கலங்கும், இந்தக் கணக்கைக் கேட்டால் அவ்வளவு கலங்காது. இரண்டும் ஒரே உண்மைதான்.

அதே சமயம் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல போ’ என்று ஒதுக்கவும் வேண்டாம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தால் கூடும் ஆபத்தும் ஏறத்தாழ இதே இரண்டு மடங்கு அளவுதான். அதை எல்லா டாக்டரும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அடர்த்தியை அப்படி யாரும் கேட்பதில்லை.

6. வெள்ளையா தெரியறதுக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்?

மார்பகப் புற்றுநோய் கொழுப்பில் பிறப்பதில்லை, பால் குழாய்களையும் சுரப்பிகளையும் உள்ளே பூசியிருக்கும் செல்களில் பிறக்கிறது. அடர்த்தி அதிகம் என்றால் அந்த செல்களும், அவற்றைச் சுற்றியிருந்து வளர்ச்சிக்குத் தூண்டுதல் கொடுக்கும் நார்த்திசுவும் அதிகம்.

7. மேமோகிராம் நார்மல்னு வந்துடுச்சு. அப்புறம் என்ன கவலை?

எனக்கு மிகவும் சங்கடமான கேள்வி இதுதான். அடர்த்தியால் இரண்டு தொல்லைகள். ஒன்று 5ஆம் பதிலில் சொன்ன ஆபத்து. இன்னொன்று, மறைப்பு. புற்றுநோய்க் கட்டியும் படத்தில் வெள்ளையாகத்தான் விழும். கறுப்புக் கம்பளியில் ஒரு சோற்றுப் பருக்கை விழுந்தால் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். அதே பருக்கை வெள்ளை வேட்டியில் விழுந்தால்? கொழுப்பு மார்பகத்தில் பத்து புற்றுநோய் இருந்தால் மேமோகிராம் எட்டு ஒன்பதைப் பிடித்துவிடும். டி வகையில் பத்தில் ஆறு அளவுக்குத்தான் பிடிக்கும். சாதாரணமாக வாழ்க்கையை நடத்துகிற ஒருத்திக்கு, என்னைக் கேட்டால், முதல் தொல்லையைவிட இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

என் சித்தி டோம்பிவிலியில் இருந்தார், அப்போது 52 வயது. வேறொரு சென்டரில் மேமோகிராம் எடுத்தார், எனக்குச் சொல்லவில்லை. ‘உனக்கு எதுக்கு சிரமம்’ என்று அப்புறம் காரணம் சொன்னார். கவுன்டரில் ‘நார்மல் ஹை’ என்று நீட்டினார்கள், வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். நாலு மாதம் கழித்துக் குளிக்கும்போது வலது பக்கம் அக்குளை ஒட்டிப் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. ரிப்போர்ட்தான் நார்மல் ஆயிற்றே என்று இன்னும் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டார். ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். நான் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் கடைசியில் ஒரு வரி: அடர்த்தி மிக அதிகம், சோனோகிராபியோடு (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) சேர்த்துப் பார்க்கவும். அந்த வரியை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

சித்தி ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்து இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஆறு மாதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நார்மல் ரிப்போர்ட் என்றால் ‘படத்தில் ஒன்றும் தெரியவில்லை’ என்று அர்த்தம், ‘உள்ளே ஒன்றுமே இல்லை’ என்று அர்த்தம் இல்லை. கட்டி கையில் பட்டால், காம்பு உள்ளிழுத்தால், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிந்தால், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால் ரிப்போர்ட்டில் எந்த எழுத்து, எந்த எண் இருந்தாலும் சர்ஜனைப் பாருங்கள். டாக்டர் தொட்டுப் பார்ப்பது, படம், ஊசிப் பரிசோதனை மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு.

8. என்ன சாப்பிட்டா அடர்த்தி குறையும்? கொள்ளு, வெந்தயம் ஏதாவது?

ஒன்றும் கிடையாது. கொள்ளு ரசம் நல்லது, சாப்பிடுங்கள், ஆனால் இதற்காக வேண்டாம். அடர்த்தி தானாகக் குறைவது வயதாலும் மாதவிலக்கு நிற்பதாலும்தான்.

உடம்பு போட்டால் மார்பகத்தில் கொழுப்பு ஏறி, அடர்த்தி சதவீதம் குறையும். ‘அப்ப குண்டானா நல்லதுதானே’ என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். மாதவிலக்கு நின்ற பிறகு உடல் பருமனே மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு தனிக் காரணம். ஒரு பக்கம் குறைத்து இன்னொரு பக்கம் கூட்டிக்கொள்கிற வியாபாரம் அது.

மருந்து என்று பார்த்தால் தமாக்சிஃபென் அடர்த்தியைக் குறைக்கும். ஆபத்து அதிகமுள்ள பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், அந்த மாத்திரை சாப்பிட்டு அடர்த்தி 10 சதவீதமாவது குறைந்தவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பும் நன்றாகவே குறைந்தது. ஆனால் ரத்தக்கட்டு, கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று அதற்குப் பக்கவிளைவுகள் உண்டு. வெறும் ‘சி’ வந்ததற்காக யாரும் கொடுக்க மாட்டார்கள். மெடிக்கலில் நீங்களே வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

9. மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் உடம்பு சூடு தாங்காம ஹார்மோன் மாத்திரை சாப்பிடறேன். அதனால கூடுமா?

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை என்றால் சில பெண்களுக்கு அடர்த்தி கூடும், புற்றுநோய் ஆபத்தும் கொஞ்சம் கூடும். உடனே நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நாளாக, எந்த மாத்திரை என்பதை மகப்பேறு டாக்டரிடமும், படம் எடுக்கும் இடத்திலும் சொல்லுங்கள்.

10. எங்கம்மாவுக்கும் இது இருந்திருக்குமோ? என் பொண்ணுக்கும் வருமா?

வாய்ப்பு அதிகம். இரட்டைப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. ஒரே வயதுப் பெண்களுக்குள் அடர்த்தி வேறுபடுவதில் 60 சதவீதம் அளவுக்குப் பரம்பரையால் என்று அதில் தெரிந்தது. மூக்கும் முடியும் போல இதுவும் வீட்டுச் சொத்துதான். ஆனால் பரம்பரைப் புற்றுநோய் மரபணு என்று பேசப்படும் பிஆர்சிஏ வேறு, இது வேறு. டி வந்ததால் பிஆர்சிஏ இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகம் அல்லது சினைப்பையில் புற்றுநோய் வந்திருந்தால் அந்தக் கதையைத் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குப் பாதையே வேறு.

11. நியூஜெர்சியில இருக்கிற நாத்தனாருக்கு இதைப் பத்தி லெட்டரே வந்துச்சாம். நமக்கு ஏன் யாரும் சொல்றதில்ல?

அங்கே அது சட்டம். கனெக்டிகட்டைச் சேர்ந்த நான்சி கபெல்லோ என்ற பெண்மணிக்கு மேமோகிராம் நார்மல் என்று வந்த சில வாரங்களிலேயே, 2004இல், முற்றிய புற்றுநோய் தெரியவந்தது. அடர்த்தி மறைத்துவிட்டது. தனக்கு அடர்த்தி அதிகம் என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவர் விடாமல் கேட்டதால் 2009இல் அந்த மாநிலம் முதன்முதலில் சட்டம் போட்டது. ஒவ்வொரு மாநிலமாகப் பரவி, 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதும், அடர்த்தி இருக்கிறதா இல்லையா என்பதை மேமோகிராம் எடுத்த பெண்ணுக்கே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று.

இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் பெரும்பாலான ரிப்போர்ட்டில் அந்த எழுத்து இருக்கும், முதல் இரண்டு வரிக்குள்ளேயே. இல்லாவிட்டால் கேளுங்கள். இந்தியில் ‘டென்சிட்டி கௌன்சி ஹை, ஏ, பி, சி, டி?’ என்று கேட்டால் போதும். முறைப்பார்கள், ஆனால் சொல்லிவிடுவார்கள்.

12. அப்ப சோனோகிராபியும் சேர்த்து எடுத்துடலாமா? இல்ல நேரா எம்ஆர்ஐயா?

சோனோகிராபிக்கு வெள்ளைமேல் வெள்ளை என்ற பிரச்சினை இல்லை, அடர்ந்த திசுவின் நடுவே கட்டி பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையிலான சுமார் 73,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்தபோது 77 சதவீதப் புற்றுநோய்கள் பிடிபட்டன, சோனோகிராபியும் சேர்த்தபோது 91 சதவீதம். ஆசியப் பெண்கள், நம் வயது, அதனால் இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு: ஒன்றுமில்லாத பெண்களைக் கூப்பிட்டு மறுபடி சோதித்ததும் அதில் அதிகம். தேவையில்லாத ஊசி, தேவையில்லாத பயம்.

எம்ஆர்ஐ இன்னும் கூர்மை. நெதர்லாந்தில் 50 முதல் 75 வயது வரை உள்ள, டி வகையும் நார்மல் மேமோகிராமும் கொண்ட 40,373 பெண்களை எடுத்து, ஒரு பகுதியினரை மட்டும் எம்ஆர்ஐக்கு அழைத்தார்கள். இரண்டு பரிசோதனைக்கு நடுவில் திடீரென்று தலைகாட்டும் புற்றுநோய் அழைக்காதவர்களிடம் ஆயிரத்துக்கு 5, அழைத்தவர்களிடம் 2.5. பாதி. ஆனால் எம்ஆர்ஐ எடுத்த ஆயிரம் பேரில் சுமார் 80 பேருக்குத் தவறான எச்சரிக்கை. கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றி, அரை மணி நேரம் குப்புறப் படுத்து, தடதட சத்தத்தில் கிடக்க வேண்டும். செலவும் பெரிது.

இவ்வளவு இருந்தும், 2024இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, அடர்த்திக்காக எல்லாருக்கும் சோனோகிராபியோ எம்ஆர்ஐயோ சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்றே சொன்னது. கூடுதலாகக் கண்டுபிடிப்பதால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றனவா என்பதுதான் அவர்கள் கேள்வி. என் கருத்தைக் கேட்டால்: டி வகை, அல்லது சி வகையோடு குடும்பத்திலும் புற்றுநோய் என்றால் சோனோகிராபி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். வெறும் சி, வேறு எதுவும் இல்லை என்றால் பதற வேண்டாம். எம்ஆர்ஐ டாக்டர் சொன்னால் மட்டும். எதை எடுத்தாலும் மேமோகிராமை விட்டுவிடாதீர்கள், சுண்ணாம்புத் துகள் மாதிரி தெரியும் ஆரம்பக்கட்டப் புள்ளிகளை அதுதான் நன்றாகக் காட்டும். முடிந்தால் டிஜிட்டல் மெஷின் உள்ள இடமாகப் பாருங்கள், அடர்த்தி உள்ளவர்களுக்கும் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பழைய ஃபிலிமைவிட அது மேல்.

13. ஆன்ட்டி, எனக்கு 34தான் ஆகுது. நானும் மேமோகிராம் எடுக்கணுமா?

தொந்தரவு எதுவும் இல்லாமல், குடும்பத்திலும் இல்லாமல் இருந்தால் இந்த வயதில் வேண்டாம். இளவயதில் அடர்த்தி அதிகம், மேமோகிராம் காட்டுவது குறைவு. கட்டி தட்டுப்பட்டால் அது வேறு, முதலில் பெரும்பாலும் சோனோகிராபியில் ஆரம்பிப்பார்கள். அமெரிக்கக் குழு 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் என்கிறது. நம் அரசின் திட்டம் மேமோகிராமை நம்பியதில்லை. 30 வயதிலிருந்து 65 வரை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் சோதிப்பது.

கையால் சோதித்து என்ன ஆகப்போகிறது என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்களை வைத்து ஆய்வு தொடங்கியது. பயிற்சி கொடுத்த பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவில், சோதிக்கப்பட்டவர்களிடம் புற்றுநோய் முன்கூட்டியே பிடிபட்டது தெரிந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 34 வயதில் உங்கள் வேலை, உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது. மாறினால் போய்க் காட்டுவது.

14. அமுக்கி எடுக்கிறது உயிர் போகுது. அந்த அமுக்கலாலேயும் ரேடியேஷனாலேயும் கேன்சர் வந்துடாதா?

அமுக்குவதால் வராது. அமுக்குவதே டென்ஸ் மார்பகத்துக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்: ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுவை விரித்தால்தான் நடுவில் ஒளிந்திருப்பது தெரியும், கதிரும் குறைவாகப் போதும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் சில நொடி. மொத்தக் கதிரும் சுமார் 0.4 மில்லிசீவர்ட், சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே ஏழு வாரத்தில் பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்மேல் படுகிற அளவு.

மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போங்கள், வலி குறைவாக இருக்கும். அன்றைக்கு பவுடரும் டியோவும் போடாதீர்கள், அக்குள் பவுடர் படத்தில் அந்தச் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே விழும். புடவையைவிடச் சுடிதார் வசதி. அப்புறம் ஒன்று: ‘ஸாஸ் ரோகியே’ என்றால் மூச்சைப் பிடியுங்கள் என்று அர்த்தம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு அம்மா, பக்கத்து அறைப் பெண் அப்படிச் சொன்னதும் ஏதோ கேள்வி என்று நினைத்து ‘ஆமாம்மா’ என்று தலையாட்ட, படம் கலங்கி, மறுபடி அமுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

15. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். இப்ப எடுக்கலாமா?

பால் கொடுக்கும்போது எல்லாருக்கும் அடர்த்தி கூடும். சாதாரணப் பரிசோதனையைத் தள்ளிப் போடலாம். ஆனால் கட்டி இருந்து, இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் ‘பால் கட்டு’ என்று சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சோனோகிராபி எடுக்கலாம், தேவைப்பட்டால் மேமோகிராமும் எடுக்கலாம், பாலுக்கு ஒன்றும் ஆகாது.

16. போன தடவை பி, இந்தத் தடவை சி. ரெண்டு வருஷத்துல மோசமாயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. எழுத்தைப் போடுவது மனிதக் கண், பிக்கும் சிக்கும் நடுவில் உள்ள கோடு வயலில் போட்ட வரப்பு மாதிரி தெளிவாக இருக்காது. ஒரே படத்தை ஒரு ரேடியாலஜிஸ்ட் பி என்பார், இன்னொருவர் சி என்பார். சென்டர் மாறினாலும், மெஷின் மாறினாலும், நீங்கள் எட்டுக் கிலோ இளைத்திருந்தாலும் எழுத்து மாறலாம். 9ஆம் பதிலில் சொன்ன மாத்திரையும் ஒரு காரணம். ஒரு பக்கம் மட்டும் புதிதாக அடர்ந்திருந்தால் அது வேறு விஷயம், அதை ரேடியாலஜிஸ்ட் தனியாக எழுதியிருப்பார், கூடவே எண்ணும் மாறியிருக்கும். எழுத்து மாறினால் பதறாதீர்கள், எண் மாறினால் கவனியுங்கள்.

17. அடர்த்தியான மார்புல வர்ற கேன்சர் கொடூரமானதாமே? பிழைக்கறது கஷ்டமா?

புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் வந்தால் சாகும் வாய்ப்பு கூடும் என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்து 2012இல் ஒரு ஆய்வு வெளியானது. அடர்த்தி அதிகமாக இருந்தவர்கள் அந்த நோயால் இறப்பது கூடவில்லை. பிழைப்பது எந்த ஸ்டேஜில் பிடிபட்டது, எந்த வகை, சிகிச்சை முழுசாக எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. அடர்த்தி செய்யும் கெடுதல், பிடிபடுவதைத் தாமதமாக்குவது. அதனால்தான் 7ஆம் பதிலை அவ்வளவு நீளமாக எழுதினேன்.

18. பழைய படத்தை வீட்டுக்காரர் தூக்கிப் போட்டுடலாமான்னு கேக்கறார். வச்சிருக்கணுமா?

வைத்திருக்க வேண்டும். அடர்த்தி உள்ளவர்களுக்கு ஒரு படத்தைவிட இரண்டு படங்களின் வித்தியாசம்தான் பேசும். போன தடவையும் அதே இடத்தில் அதே வெள்ளை இருந்தது என்றால் ரேடியாலஜிஸ்ட் நிம்மதியாக 2 போட்டுவிட்டுப் போவார். பழையது இல்லாவிட்டால் 0 போட்டு உங்களை மறுபடி கூப்பிடுவார். சிடியாகக் கொடுத்தால் சிடி, ஃபிலிமாகக் கொடுத்தால் ஃபிலிம், ரிப்போர்ட் காகிதம் எல்லாம் ஒரே கவரில். ஒவ்வொரு தடவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இட்லிக்கடை அம்மா அவருடைய கவரைப் பரணில், கல்யாணப் புடவைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் தாராவி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது முதலில் இறக்கியது ரேஷன் கார்டு, அடுத்து அதுதானாம்.